பூச்சுக்கு முன்னால் ஒரு பூட்டு

மொறிஸ் மைனரின் பொனட்டை நேர் முன்னால் நின்று பார்த்தால், நடுவில் ஒரு தட்டையான பட்டை முன்னிருந்து பின்னாக ஓடுவது தெரியும். அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. 1947 இன் பிற்பகுதியில், உற்பத்திக்கு எல்லாம் ஆயத்தமாகிவிட்ட நேரத்தில், வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸின் கண்ணுக்குக் கார் ஒடுக்கமாகப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் மெல்ல மெல்லத் தள்ளிவைத்து, சரியென்று தோன்றிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். அளந்து பார்த்தால் இடைவெளி நான்கு அங்குலம். பம்பர்களை முன்பே செய்து முடித்திருந்ததால் அவற்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டு வைத்து ஒட்டினார்கள். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அந்த வடிவம் துளியும் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று பெயர் வைத்தார். 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான அந்த ‘முட்டை’தான் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார்.

இசிகோனிஸ் வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானிக்கவில்லை. இரும்பை இரும்பாகத் தரையில் வைத்துப் பார்த்தார். கழற்றிப் போட்ட ஒரு மைனரை அடியிலிருந்து எழுப்பத் திட்டம் போடுகிறவரிடம் நான் முதலில் தேடுவது அந்தப் பழக்கத்தைத்தான். பெயின்ட் அடிப்பதற்கு முன் வெறும் தகடாகவே முழுக் காரையும் ஒருமுறை பூட்டிப் பார்க்கும் பொறுமை இருக்கிறதா? இருந்தால் மீதியைப் பேசலாம்.

மைனர் நமக்கு அந்நியக் கார் அல்ல. கொழும்பில் மஞ்சள் கூரையோடு டாக்சியாக ஓடியது. ஊர்களில் டாக்டரின் காராகவும் கல்யாணக் காராகவும் ஓடியது. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும், அதன் பிறகு 1977 வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாடும் ஒரு பெரிய உபகாரம் செய்தன: புதுக் கார் வராததால் பழையதைச் சாகவிடாமல் ஓட்டும் கை இந்த நாட்டில் வளர்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வளவுகளின் மூலையில் கிடந்த பழங்கார்களைப் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். நிந்தவூரில் எனக்கு உறவுமுறையான காக்கா ஒருவரின் கொட்டிலில் கிடக்கும் இரண்டு கதவு மைனரும் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. யாரோ ஆர்வத்தில் கழற்றியிருக்கிறார்கள். ஆர்வம் தீர்ந்ததும் சாக்குகளில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பொடி ஒரு பக்கம், கதவுகள் வேறொரு பக்கம், நட்டும் போல்டும் பால்மா டின்களில்.

நல்ல திட்டம் ஸ்பனரோடு தொடங்காது, பதிவுப் புத்தகத்தோடு தொடங்கும். எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடைச் சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும். 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த கார் என்றால் அதில் ‘எம்ஏ2எஸ்’ என்று தொடங்கும் எண் அடித்திருக்கும். எம் மொறிஸைக் குறிக்கும், ஏ எஞ்சின் வகையை, 2எஸ் இரண்டு கதவு சலூனை. அதற்கு முந்திய தகடுகள் இன்னும் சுவையானவை. தொழிற்சாலையில் பூசிய நிறத்தையே ஒரு எழுத்தில் அடக்கியிருப்பார்கள். அந்த எண் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால், எவ்வளவு அழகாகக் கட்டி எழுப்பினாலும் அது வீதிக்கு வராது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ரசனை கிடையாது.

அடுத்து, பரப்பி வைப்பது. சாக்கைத் தரையில் கவிழ்த்து அள்ளிப் போடுகிறவரைக் கண்டாலே எனக்குப் பயம். பொருள் தெரிந்தவர் கார் நிற்கும் வரிசையிலேயே பாகங்களை வைப்பார்: முன் இடது, முன் வலது, நடு, பின். மைனருக்கு இது வெறும் ஒழுங்குக்காகச் செய்வது அல்ல. முன் சக்கரங்களைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல, முறுக்குக் கம்பி. காருக்கு அடியில் நீளவாக்கில் கிடக்கும் அந்த இரண்டு கம்பிகளும் வருடக்கணக்காக ஒரே திசையில் முறுக்குண்டு பழகியவை. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இடதை வலதில் மாற்றிப் பூட்டினால் எதிர்த் திசையில் முறுக்குண்டு, உடையும் ஆபத்து வரும். கழற்றியவர் அடையாளம் போடாமல் விட்டிருந்தால், தேய்மானத்தையும் தழும்பையும் வைத்துத்தான் எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் மனிதரின் அருகில் ஒரு மணித்தியாலம் நின்று பார்க்கலாம், அலுக்காது.

ஸ்பனர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியோரக் கராஜ்களில் இருப்பதெல்லாம் ஜப்பான் வாகனங்களுக்கான மில்லிமீற்றர் ஸ்பனர். மைனரின் நட்டோ அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 13 ஆம் நம்பர் அதில் ஏறும், இறுக்கிப் பிடிக்காது. கறள் பிடித்த நட்டில் இரண்டு தடவை நழுவினால் மூலைகள் மழுங்கி, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். அங்குல ஸ்பனர் ஒரு தொகுதி வாங்காமல் தொடங்கும் திட்டத்தை நான் திட்டம் என்று ஒத்துக்கொள்வதில்லை.

இனி தகடு. காசும் காலமும் போகிற இடம் இதுதான், கலை இருப்பதும் இங்கேதான். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, பொடியே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, நடுவே குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் தொங்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், எஞ்சினைத் தாங்கி முன்னே நீளும் இரண்டு கால்கள் ஆகியவற்றில் கறள் உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக இருக்கும் எங்கள் ஊரில் இது இரட்டிப்பு. உப்புக் காற்று ஓயாமல் வீசுகிற கரையில், சுரண்டிச் சுத்தமாக்கிய தகட்டை ஓர் இரவு வெறுமனே விட்டால் விடியும்போது செந்நிறம் படர்ந்திருக்கும். ஆகவே ஒரு நாளில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே அன்றைக்குச் சுரண்ட வேண்டும். மணல் வீச்சில் சுத்தம் செய்கிறவர்கள் மலிவாகக் கிடைக்கிறதென்று கடற்கரை மணலை அள்ளி வந்தார்களென்றால் அப்போதே காரைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். உப்பைத் தகட்டுக்குள் அடித்து ஏற்றுவதற்குக் கூலி வேறு கொடுப்பானேன்?

இரண்டு கதவுக் காரில் கதவு நீளம், வாசலும் நீளம். கறள் தின்ற கீழ்ப் பெட்டியை அப்படியே வெட்டி எடுத்தால் வாசல் தொய்ந்துவிடும்; தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்ட் பண்ணினால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்ட் வைத்து முட்டுக் கொடுப்பார்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைப்பார்கள். தேர்ந்த டின்கரிங் பாஸ் புள்ளி புள்ளியாக வெல்ட் தட்டி நிறுத்துவார், கதவைக் கொண்டுவந்து பிணைச்சலில் மாட்டுவார், மூடிப் பார்ப்பார், விளிம்பு நெடுக விரலை ஓடவிடுவார். ‘தம்பி, கதவக் கழட்டுங்க’ என்பார். மறுபடி வெட்டு, மறுபடி தட்டல். பார்த்துக்கொண்டு நிற்கும் சொந்தக்காரருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். எனக்கு இந்தக் கட்டத்தை விட இன்பமானது எதுவுமில்லை. கதவுக்கும் பொடிக்கும் இடையிலான அந்த இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இறங்குவது, பெயின்டாலும் பட்டியாலும் ஏமாற்ற முடியாத ஓர் அழகு. பட்டி வைத்து இடுக்கை நிரப்பிச் சமாளிப்பவர்களும் உண்டு. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் கறள் ஊறும், இரண்டு மாரிக்குள் கொப்புளம் எழும்.

மைனரில் ஒரு சலுகை இருக்கிறது: முன்னும் பின்னும் நான்கு மட்காட்களும் போல்ட் போட்டுப் பூட்டுபவை. ஆகவே வெறும் தகடாக முழுக் காரையும் பூட்டிப் பார்ப்பது இதில் சாத்தியம். பிறகு கழற்றித் தனித்தனியாகப் பூசலாம். தகடு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் பெருமையோடு சொல்லும் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ள்ஸ் வெயார், புதுக் கார் வாங்கி அதன் பெறுமதி கரைவதைப் பார்த்திருப்பதை விட, நல்ல பழைய காரைக் கட்டம் கட்டமாகப் புதுப்பித்து ஆயுள் முழுக்க ஓட்டுவதே இலாபம் என்று கணக்குப் போட்டு 1982 இல் புத்தகமே எழுதினார். அந்தக் கணக்கின் தொடர்ச்சியாக, 1990களின் தொடக்கத்தில் இலங்கையில் மைனர் தகடுகளும் உதிரிப்பாகங்களும் செய்யத் தொடங்கினார். ஒக்ஸ்போர்ட் அருகே கௌலியில் பிறந்த காருக்கு, இலங்கைக் கை தட்டிய தகடு கப்பலேறிப் போனது. எனவே கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் மைனர் பாகம் தேடுகிறவர் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் எந்தத் தகடும் வாங்கி வந்த அன்றே பொருந்தாது. அதையும் பூட்டிப் பார்த்துத்தான் தட்ட வேண்டும்.

பூச்சுக்குப் பருவம் பார்க்க வேண்டும். மாரியில் காற்றே ஈரம். பெயின்டில் பால் படர்ந்தது போல் மங்கல் விழும். கச்சான் காலத்தில் ஈரம் இல்லை, புழுதி உண்டு. அறுவடை நாட்களில் வயற்பக்கமிருந்து வரும் உமித் தூளும் அதோடு சேரும். அறுவடைக்கும் கச்சானுக்கும் இடையில் கிடைக்கும் காலை வேளைகளைக் குறித்து வைப்பதே புத்தி. நிறத்தைப் பொறுத்தவரை நான் பிடிவாதக்காரன். ‘ஸ்மோக் கிரே’ என்று கம்பனி பெயரிட்டது, நேரில் பார்த்தால் சாம்பல் அல்ல, வெளிறிய நீலம். கரையோர வெயிலில் அதற்கு ஈடான நிறம் மைனரில் இல்லை. இரத்தச் சிவப்பில் மினுக்கும் மைனர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரவர் காசு.

மாற்றலாமா கூடாதா என்பதிலும் பிடிவாதம் உண்டு, ஆனால் கொஞ்சம் இளகியது. நிசான் எஞ்சின் ஏற்றிய மைனர்கள் நாட்டில் ஓடுகின்றன. ஓட்டுகிறவருக்கு அது சௌகரியம். ஆனாலும் சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்குகிற சத்தத்தை இழப்பதற்கு நான் சம்மதியேன். மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை: மைனரில் பற்றரியின் நேர்முனைதான் பொடியில் சேரும். இன்றைய கார்களுக்குப் பழகிய கை அதை மாற்றிக் கொடுத்துவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிறீஸ் தவறவே கூடாது. வறண்டால் திருகுப் புரி தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் மடிந்து விழும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. பெயின்ட் அடித்து, தரைவிரிப்பு போட்டு, எல்லாம் முடிந்த பிறகு அதைத் தேடினால் பாதி வேலையைத் திரும்பக் கழற்ற வேண்டும். திட்டத்தில் அது முன்னாலேயே வர வேண்டும்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவதைப் பார்த்து மெக்கானிக்மார் கோபிக்கலாம். திட்டத்திலும் அதன் இடம் கடைசிதான். முதலில் எஞ்சினைப் புதுப்பித்து மூலையில் வைத்தால், தகடு வேலை முடிவதற்குள் சிலிண்டர் சுவரில் கறள் படரும். 948 சிசியோ 1098 சிசியோ, இரும்பில் வார்த்த அந்தச் சின்ன எஞ்சினைச் சீராக்குவது எங்கள் பக்கத்து லேத் பட்டறைகளுக்குக் கடினமான வேலை அல்ல. முதலில் தட்டைப் படுக்கை எஞ்சின் ஒன்றை வைக்க நினைத்துச் செய்த காராகையால் பொனட்டுக்குள் இடமும் தாராளம். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று வேலை செய்யலாம். ஹெட் நட்டுகளை 40 இறாத்தல்-அடிக்கு, நடுவிலிருந்து வெளிப்புறமாக, கட்டம் கட்டமாக இறுக்க வேண்டும். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அங்குலத்தில் ஆயிரத்தில் 12.