ஒரே கொலை, இரண்டு வாசிப்பு

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்தவர்கள் அந்த ஏரிக்கரையை மறக்க மாட்டார்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு கதை தொடங்குகிறது. இன்றைய வீராணம் அது. அதற்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது.

நாவலை ஊண் உறக்கம் மறந்து படிக்கிற மாணவர்கள் வரலாற்று நூலைப் பத்தாவது பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி படிக்கப் பார்ப்பதுதான் காரணம். வேறுபாட்டைப் பழகிக்கொள்ள இந்தக் கொலையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நாவலுக்குள் போகும்போது உங்களை ஒப்புக்கொடுத்துவிடுங்கள். சதிகாரன் ரவிதாசன் மந்திரவாதி என்று கல்கி சொன்னால் மந்திரவாதிதான். நந்தினி என்று ஒருத்தி உண்மையில் இருந்தாளா என்று அந்த நேரத்தில் தேடினால், கொலை நடக்கும் கடம்பூர் மாளிகையின் இருட்டு கலைந்துபோகும். அடுத்து என்ன என்ற தவிப்பு ஒன்றே போதும்.

இப்போது கல்வெட்டுக்கு வாருங்கள். கொலையைச் சொல்லவென்று வெட்டியதல்ல அது. முதலாம் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நில விவகாரம். கரிகாலனைக் கொன்ற துரோகிகளும் அவர்களுடைய உறவினரும் இழந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு விட்டதைப் பதிகிறது. பத்திரம் எழுதும் நடை. அதற்குள்ளேதான் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற பெயர்கள் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம். அவன் தம்பி பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசர்கள் தந்த பட்டம். அப்படியானால் ரவிதாசன் காட்டில் பதுங்கிய மந்திரவாதி அல்ல, பட்டம் பெற்ற உத்தியோகஸ்தன்! முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எந்த நாவலும் தராத திடுக்கிடல் அது.

வரலாற்று நூலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும்?’ நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1935-இல் முதல் பகுதியை வெளியிட்டார். கொலைக்குப் பிறகு சுமார் 15 ஆண்டுகள் உத்தம சோழன் அரசனாக இருந்தும், துரோகிகளின் சொத்து பற்றிய இந்தச் செய்தி ராஜராஜன் காலத்தில்தானே வருகிறது, உத்தமன் அவர்களைத் தண்டிக்கவில்லையோ என்று எண்ணி, உத்தமன்மேல் ஐயம் கொண்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமனைக் குற்றவாளியாக்க அது போதாது என்றார். இருவர் கையிலும் இருந்தது அதே கல்.

ஆகவே பென்சிலோடு உட்காருங்கள். ‘இருக்கலாம்’, ‘எனக் கருதலாம்’, ‘ஐயமில்லை’ என்ற சொற்கள் வரும் இடத்தில் கோடு போடுங்கள். ஆசிரியர் எங்கே உறுதியாகக் கால் ஊன்றுகிறார், எங்கே தயங்குகிறார் என்பது அந்தக் கோடுகளில் தெரிந்துவிடும். அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். சண்டையில் பாதி அங்கேதான் நடக்கிறது. பொருளடக்கத்தைப் பார்த்து, மனம் இழுக்கும் அத்தியாயத்தில் நேரே நுழையலாம். நாவலில் அப்படிச் செய்தால் சுவை கெடும், இங்கே கெடாது. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் நகர்ந்தாலும் போதும்.

இன்னொன்று, மௌனம். ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று அந்தக் கல் சொல்வதில்லை. கல்கி அந்த இடத்தைக் காதலாலும் பழியாலும் நிரப்பினார். அது அவர் உரிமை. வரலாற்றாசிரியர் அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேர்மையும் ஓர் அழகுதான்.

பண்டாரத்தாரைப் படித்து முடித்த பிறகு, நாவலில் சதிகாரர்கள் கூடும் திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்சிக்குத் திரும்பப் போனேன். இருட்டில் ரவிதாசன் பேசப் பேச, அவனுடைய நிலத்தை யாரோ கோல் வைத்து அளப்பது என் கண்ணில் ஓடிக்கொண்டே இருந்தது.