உப்பில்லாக் கீரையும் எயிற்பட்டினத்து விருந்தும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் குன்று நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களால் இக்குன்றின் கோட்டையைப் பலர் அறிவர். அதற்கு மிக முன்னரே ஒரு பாணனும் அவன் விறலியும் இந்நிலத்தின் வழியே நடந்து சென்றதை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிவைத்தார். 269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படையே அது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்துகின்றான். அவ்வழியில் முதல் தங்குமிடம் கடற்கரை எயிற்பட்டினம்.

1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர், இப்பகுதியைப் படித்தோருள் பெரும்பாலோர் தேடியது ஊரையே. எயிற்பட்டினம் மரக்காணமே என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கால் என்றும் அறிஞர் காட்டினர். எயில் என்றாலும் சோ என்றாலும் மதிலே, ஆதலின் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் ‘சோபட்மா’ இப்பட்டினமே என்று கொள்வாரும் பலர். நல்ல உழைப்புத்தான். ஆனால் ஊர் கிடைத்தவுடன் பாட்டைக் கீழே வைத்துவிடுகிறோம்.

நம்மவர்க்கு வேறொரு மயக்கமும் உண்டு. அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள், உறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றனவாம். அரபு படித்தவன் இவ்விடத்திற்கு வந்ததும் நெஞ்சு துள்ளுவது இயல்பே. மடங்கிப் படுத்த ஒட்டகத்தின் முதுகுக் கூனையும் நீண்ட கழுத்தையும் அறிந்தவரன்றி இவ்வுவமை கூறார். ஆயினும் இதைக் கொண்டு மரக்காணத்தில் அன்றே அரபியர் குடியிருந்தனர் என்று சாதிப்பது முறையன்று. ஒட்டகம் தொல்காப்பிய மரபியலிலும் வருகிறது, அகநானூற்றிலும் வருகிறது. ஓர் உவமையின் முதுகில் அத்தனை சுமை ஏற்றினால் அது எழுந்திராது.

அந்த விறகை எரித்தவள் யார் என்பதே கேட்கத்தக்கது. அவள் ஒரு நுளைமகள், மீனவப் பெண். அரபுக் கவிதையில் ‘நாருல் கிரா’ என்னும் விருந்து நெருப்பைக் குலத்தலைவர் மேட்டில் மூட்டுவர். இருளில் வழி தவறியவன் அதைக் கண்டு வந்து சேர்வான். ஹாத்திம் தாயியின் புகழ் அந்நெருப்பிலே விளங்குவது. இங்கோ நெருப்பு தலைவனுடையதன்று. உழைத்துண்ணும் ஒருத்தியின் அடுப்பு. அவள் வடித்த பழந்தேறலைப் பரதவர் கொடுக்கின்றனர். தேறல் நமக்கு விலக்கப்பட்டது என்பதால் இவ்விடத்தைத் தாண்டிச் செல்லும் ஆசிரியர் உளர். அம்ரு இப்னு குல்தூமின் முஅல்லகா மதுக்கிண்ணத்தைக் கேட்டே தொடங்குகிறது. அதை மொழிக்காக ஓதுகிறோம். தமிழுக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்? கவிஞர் காட்டுவது கள்ளின் பெருமையை அன்று, உள்ளதை எடுத்துக் கொடுக்கும் கையை.

அக்கையின் மதிப்பை அறியச் சில அடிகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். வள்ளலைக் காணுமுன் தன் இல்லம் இருந்த நிலையைப் பாணன் சொல்கின்றான். அடுக்களையில் ஈன்ற நாய் படுத்திருக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலில்லாத மடியைப் பற்ற, பொறுக்கமாட்டாமல் அது குரைக்கிறது. கூரைக் கழிகள் இற்று விழுந்திருக்கின்றன; சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. இல்லத்தவள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டால் என் சொல்வரோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்துடன் அதை உண்கிறாள். பசியினும் கொடியது அந்தக் கதவு. நம் தெருக்களில் இத்தகைய கதவுகள் இன்றும் இல்லையென்று யார் சொல்வார்?

இதன் பின்னரே கடற்கரை வருகிறது. தாழை அன்னமாகவும், செருந்தி பொன்னாகவும், புன்னை முத்தாகவும் பூக்கின்றன. அழகுக்காக மட்டும் பாடியதென்று இதைப் பாராட்டுவோர் கதவை மறந்தவர். கதவுக்குள் உண்டவள், இங்கே குழலின் தாளத்திற்குத் திறந்தவெளியில் ஆடுகிறாள். ஆடியவளுக்கும் பாடியவனுக்கும் இடந்தோறும் சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. இசைக்கும் குழல், மீனுக்கும் குழல் என அச்சொல்லே இரண்டு பொருளில் வந்து, கலையையும் உணவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. உப்பின் பெயரைக் கவிஞர் இங்கே கூறவில்லை. ஆனால் கருவாட்டில் உப்பு இருக்குமன்றோ! மரக்காணத்து அளங்களில் இன்றும் உப்பு விளைகிறது. உப்பில்லாக் கீரையை உண்டவர்க்கு முதல் விருந்து இந்த மண்ணில் அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலூரில் எயினர் பெண்டிர் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் தருவர்; ஆமூரில் உழவர் இல்லத்தில் நண்டுடன் வெண்சோறு. இவற்றையெல்லாம் கடந்தபின்புதான் நல்லியக்கோடனின் அரண்மனை வாயில். அவ்வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாதது என்கிறார் கவிஞர். உரைகாரர்களும் வரலாற்றாசிரியர்களும் இவ்வாயிலில் நின்றுதான் புகழ்மாலை தொடுக்கின்றனர். பாட்டின் நடையோ வேறு சொல்கிறது. முதலில் வறுமை அடைத்த கதவு. இறுதியில் அரசன் அடையாத வாயில். இரண்டுக்கும் இடையே, அரசன் ஆணையின்றி, பரிசிலின் எதிர்பார்ப்பின்றி, முதன்முதல் திறந்தது எயிற்பட்டினத்து மீனவர் குடில்.