டி-55க்கு மரக்காணம் உப்பு

பொம்மை டாங்கிக்குத் துரு ஏற்ற எத்தனையோ சரக்கு விற்கிறது. குப்பியில் வரும் துரு நிறச் சாயம், டப்பாவில் வரும் துருப் பொடி, பெயின்ட் உரிந்தாற்போல் காட்டுவதற்கென்றே செய்த திரவம் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக அனுப்புகின்றன. இவை வருவதற்கு முன்பே மாடல் கட்டுபவர்கள் சமையலறை உப்பை வைத்து அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நான் இங்கே மதிப்பிடுவது அந்த உப்பைத்தான். பாக்கெட் உப்பு இல்லை, பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே போனால் கண்ணைக் கூசவைக்கும் மரக்காணம் உப்பளத்து உப்பு. ஏற்றிப் பார்த்த வண்டி, தமியா கம்பெனியின் 1/48 அளவு டி-55 டாங்கி.

சோவியத் வண்டி எதற்கு? மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டுகளில் ‘உலகம் முடிந்த பிறகு’ என்றொரு வகை உண்டு. அரசு இல்லை, பெட்ரோல் இல்லை, மிஞ்சியவர்கள் பழைய இரும்பைப் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். அந்தக் கற்பனையின் ஒரு வேர் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972இல் எழுதிய ‘சாலையோர விருந்து’ நாவலில் இருக்கிறது. 1979இல் தார்க்கோவ்ஸ்கி அதை ‘ஸ்டாக்கர்’ என்று படமாக்கினார். மனிதர் நுழையக் கூடாத மண்டலம், அதற்குள் திருட்டுத்தனமாகப் போய்ப் பொருள் எடுத்து வருபவன். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தபோது அந்தக் கதை ஒரு வரைபடத்தோடு நிஜமாகிவிட்டது. உலையை அணைக்கப் போன லாரிகளும் கவச வண்டிகளும் ஹெலிகாப்டர்களும் கதிர்வீச்சு ஏறிப்போய் ரஸ்ஸோகா என்ற இடத்தில் வரிசை வரிசையாகக் கைவிடப்பட்டன. 2007இல் கீவ் நகரத்து ஜி.எஸ்.சி. நிறுவனம் இதே மண்டலத்தைக் கணினி விளையாட்டாக்கியது. 2020இல் பாட்ரிக் டோடரோஃப் எழுதிய ‘ஸோனா ஆல்ஃபா’ விதிநூலை ஒஸ்பிரே வெளியிட்டதும் மேசைக்கும் வந்து சேர்ந்தது.

நம் ஆட்களுக்கு இது அந்நிய நிலமில்லை. சோவியத் பதிப்பகங்களான ராதுகாவும் மீரும் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களை என்.சி.பி.எச். கண்காட்சியில் வாங்கி வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. டி-55 நம் ராணுவமே 1971 போரில் ஓட்டிய டாங்கி. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1965 இறுதியில் விஜயந்தாவில் தொடங்கி, பிறகு சோவியத் வடிவமைப்பான டி-72ஐ ஆண்டாண்டாகச் செய்தது. இப்போது டி-90 செய்கிறது. சோவியத் இரும்பு நம் கடல்காற்றில் கிடந்தால் என்னவாகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1974இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். வாக்லி நீர்மூழ்கி 2010இல் ஓய்வு பெற்று, மாமல்லபுரத்தில் அருங்காட்சியகம் ஆகப்போகிறது என்ற பேச்சோடு சென்னைத் துறைமுகத்தில் கிடந்தது. கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் வண்டி. உண்மை டி-55இன் உடல் 6.45 மீட்டர், பீரங்கிக் குழாயையும் சேர்த்தால் 9 மீட்டர். 1/48இல் உடல் 13.4 சென்டிமீட்டர், மொத்தம் 19க்குக் கொஞ்சம் குறைவு. உள்ளங்கையில் நிற்கும், மேசையிலும் அடங்கும். 28 மி.மீ. சிப்பாய் பொம்மைகளுக்குக் கணக்குப்படி 1/56தான் பொருத்தம் என்பார்கள். ஆனால் பொம்மையின் காலடியில் தட்டு ஒன்று இருக்கிறது. அந்த உயரமும் சேர்ந்தபின் 1/48 டாங்கி பக்கத்தில் அவன் சரியாகவே நிற்கிறான், 1/56 டாங்கி பக்கத்தில் நின்றால் டாங்கிதான் சிறுத்துத் தெரிகிறது. 1/35 வேண்டாம், அது மேசையையே விழுங்கிவிடும்.

கட்டுவது சுகம். துண்டுகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்கின்றன, பட்டி பார்க்கிற வேலை அநேகமாக இல்லை. முதல் சக்கரத்துக்கும் இரண்டாவது சக்கரத்துக்கும் நடுவே அகலமான இடைவெளி இருக்கிறதே, அதுதான் இந்த டாங்கியின் முகம். அதை அச்சாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். (டி-62இல் இடைவெளி பின்பக்கம் போய்விடும். டி-72க்கு ஆறு சக்கரம்.) கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் மேற்கோபுரம் வார்ப்பு எஃகு என்பதால் அதன் தோல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஒட்டும் திரவத்தை மேலே தடவி, இளகும்போது பழைய பிரஷ்ஷால் குத்திக்கொண்டே போனால் அந்தத் தோல் வந்துவிடும். செயின் துண்டு துண்டாக வருகிறது, சக்கரத்தைச் சுற்றி வளைகிற இடத்தில் ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும். பொறுமை இருந்தால் மேல்பக்கம் சங்கிலி தொய்ந்து கிடப்பதைக் காட்டலாம்.

உலகம் முடிந்த பிறகு ஓடும் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்காது. பக்கவாட்டுக் கூண்டுக்குக் கொசுவலைக் கம்பி, தகடுக்குக் குளிர்பான டப்பாவின் அலுமினியம், குழாய்க்குத் தீர்ந்த ரீஃபில், பின்னால் கட்டிய மரக்கட்டைக்கு வேப்பங்குச்சி. மண்ணெண்ணெய் டின் செய்ய எம்-சீல் போதும். இந்தச் சாமான்களுக்கு வெளிநாட்டுக் கடை பக்கமே போகத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: எதைச் சேர்த்தாலும் அது வண்டிக்காரனுக்கு எதற்கு வேண்டும் என்று யோசித்துச் சேருங்கள். முள்ளும் மண்டையோடுமாக அப்பிவைத்த டாங்கி திருவிழா ஊர்தியாகிவிடும்.

இனி உப்பு.

முறை எளிது. வண்டிக்கு முதலில் துரு நிறம் அடிக்க வேண்டும். கிரில் பட்டறையில் ஜன்னல் கம்பிக்கு அடிப்பார்களே, அந்த ரெட் ஆக்சைடு நிறத்தில் ஸ்ப்ரே டப்பா கிடைக்கிறது. ஓரடி தள்ளி நின்று மெல்லிய தூறலாக அடித்தால் பிளாஸ்டிக் இளகாது. அதன்மேல் கரும்பழுப்பையும் காவியையும் கொஞ்சம் ஆரஞ்சையும் ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்ற வேண்டும். பழைய துரு கறுத்திருக்கும், புதுத் துரு ஆரஞ்சாக இருக்கும், அந்த வயது வித்தியாசம் தெரிய வேண்டும். காய்ந்ததும் ஒரு பூச்சு வார்னிஷ். பிறகு துளி பாத்திர சோப்பு கலந்த தண்ணீரை, துரு தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் தடவி, ஈரத்தின்மேல் உப்பைத் தூவ வேண்டும். தண்ணீர் காயக் காய உப்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சோவியத் பச்சை. பச்சையோடு மஞ்சள் காவியும் துளி கறுப்பும் கலந்தால் கிட்டே வரும். அது காய்ந்ததும் தண்ணீரில் நனைத்து, முடி கெட்டியான பல் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிரும். உப்பு இருந்த இடமெல்லாம் பெயின்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கும். கையால் வரைந்த துருவில் வரைந்தவனின் பழக்கம் தெரிந்துவிடும், நம் கை ஒரே மாதிரிப் புள்ளியைத்தான் திரும்பத் திரும்ப வைக்கும். உப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எந்த உப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாக்கெட் தூள் உப்பில் எல்லா மணியும் ஒரே அளவு. உரிந்த இடங்களும் ஒரே அளவில், அச்சடித்த பூப்போல வந்து நிற்கின்றன. அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1/48இல் ஒரு மில்லிமீட்டர் மணி உண்மை வண்டியில் 4.8 சென்டிமீட்டர் காயம். மூன்று மில்லிமீட்டர் கல்லுப்பு என்றால் அரைச் சாணுக்கு மேலேயே தோல் உரிந்ததாக அர்த்தம். கார் கதவுக்கு அது சரி, டாங்கியின் கவசத்துக்கு மிகை. உப்பளத்துக் கல்லுப்பை அம்மியில் ஒரு இழுப்பு இழுத்து டீ வடிகட்டியில் சலித்தால் மாவும் குருணையும் உடைசலும் கலந்து கிடைக்கிறது. இந்தக் கலவைக்கு ஈடாக நான் வேறெதையும் பார்க்கவில்லை. குருணை ஒட்டிய இடத்தில் பெரிய காயம், அதைச் சுற்றி மாவு ஒட்டிய இடத்தில் ஊசிமுனைப் புள்ளிகள். உண்மைத் துரு அப்படித்தான் பரவும்.

ஆனால் அளத்தில் அன்றைக்கு வாரிய புது உப்பு இதற்கு ஆகாது. உப்பளத்தில் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி அடர்த்தி ஏறுகிறது. ஜிப்சம் முன்னதாகவே படிந்துவிட, அடர்த்தியை அளக்கும் போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியில் சோற்றுப்பு படிகமாகத் தொடங்கும். மிச்சம் நிற்கும் கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம் குளோரைடு அதிகம். புது உப்பின் மேல் அது ஒட்டிக்கொண்டே வருகிறது. சுத்தமான சோற்றுப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடும். மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதம் சுமாருக்கே நீரை இழுத்துக்கொள்ளும். இந்தக் கடற்கரையில் சாயங்காலக் காற்றைச் சொல்லவே வேண்டாம். புது உப்புத் தூவிய தகடு இரவெல்லாம் காயாமல் கசிந்தது, பச்சை அடித்தபோது பெயின்ட் அந்த ஈரத்தில் விலகித் திட்டுத் திட்டானது. அளத்தில் வேலை செய்த ஒரு பெரியம்மாதான் வழி சொன்னார். ‘இதெதுக்குப்பா பச்ச உப்பு? அதோ ஓலை போட்டு மூடிக் கெடக்குது பாரு, போன வருசத்துது. மழ பட்டு கசப்பெல்லாம் வுட்டுப்போச்சி. அத்த எடு, மொறுமொறுன்னு இருக்கும்.’ மெக்னீசியம் குளோரைடு எளிதில் கரைவது, மழையில் முதலில் கழுவிப் போவதும் அதுதான். அவர் சொன்ன குவியலின் உப்பை வெயிலில் ஒரு மதியம் காயவைத்துத் தூவியபோது கல்மாதிரி நின்றது.

உப்பளத்துக்குப் போவதில் இன்னொரு லாபம், துருவையே நேரில் பார்க்கலாம். பாத்திக் கரையில் நிற்கும் பழைய டீசல் மோட்டாரையும் தண்ணீர்க் குழாயையும் உற்றுப் பாருங்கள். துரு நினைத்த இடத்தில் வருவதில்லை. வெல்டிங் வைத்த மூட்டு, போல்ட்டின் அடி, தண்ணீர் தேங்கும் மூலை, கால் உராயும் விளிம்பு, சூட்டில் பெயின்ட் கருகிய சைலன்சர், இங்கெல்லாம்தான் தொடங்கும். மேலிருந்து கீழே வழியும், பக்கவாட்டில் போகாது. டி-55க்குப் புகைபோக்கி இடதுபக்கச் சக்கர மறைப்பின் பின்பகுதியில் இருக்கிறது. ஆரஞ்சை அங்கே தாராளமாக வையுங்கள். ஆள் ஏறி இறங்கும் மேல்மூடி ஓரத்தில் துரு வேண்டாம். தேய்ந்து தேய்ந்து இரும்பே மின்னும் இடம் அது, பென்சில் கரியை விரலால் தடவினால் போதும்.

ஹேர் ஸ்ப்ரே முறையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். துருவின் மேல் ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் அக்ரிலிக் பச்சை, பிறகு ஈர பிரஷ்ஷால் சுரண்டுவது. மெல்லிய கீறலுக்கு உப்பைவிட அதுவே மேல், எங்கே எவ்வளவு உரிய வேண்டும் என்பதும் நம் கையில் இருக்கும். உப்பு நம் பேச்சை அவ்வளவாகக் கேட்காது. ஆண்டுக்கணக்கில் மழையில் நின்ற வண்டி, கைவிட்ட வண்டி என்றால் உப்பு. இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் ஹேர் ஸ்ப்ரே. என் டாங்கியில் உடலுக்கு உப்பும் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஹேர் ஸ்ப்ரேயும் போட்டேன்.

குறைகளும் உண்டு. பச்சையைத் தடிமனாக அடித்தால் உப்பு அடியிலேயே சிறைப்பட்டுவிடும். தேய்த்து முடித்தபின் இரண்டு மூன்று தண்ணீரில் அலசவில்லையென்றால் மிச்ச உப்பு வார்னிஷுக்கு அடியில் வெள்ளை பூத்துக்கொண்டு வரும், அதை எடுக்கவே முடியாது. உப்புத் தட்டை ஏர்பிரஷ்ஷுக்கும் கத்திக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், பொம்மைக்கு முன்னால் அவை துருப்பிடிக்கும்.

வாயுமுகமூடி போட்ட 28 மி.மீ. ஆட்களுக்கு உப்பு உதவாது, மணி பெரியது. அவர்களுக்கு நீர்த்த கரும்பழுப்பு ஒரு பூச்சும், மடிப்புகளின் மேல் வெளிறிய நிறத்தில் உலர் பிரஷ்ஷும் போதும். காலடித் தட்டை உப்பளமாகச் செய்ய ஆசைப்பட்டால் உப்பைத் தொடாமல், கல்மாவில் செய்த கோலப்பொடியை ஃபெவிகாலில் தூவுங்கள். அரிசி மாவுக்கு எறும்பு வரும்.

முடிவாக, இந்த டாங்கி வாங்கத் தகுந்தது. ஆனால் இறக்குமதி விலை, முதல் வண்டியாக வேண்டாம். உப்பு முறையை முதலில் ஒரு மலிவான பிளாஸ்டிக் ஜீப்பில் பழகுங்கள். மரக்காணம் பக்கம் போகிறவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போய்விடுங்கள், மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். அளத்துக்காரரிடம் கேட்டு, பழைய குவியலில் ஒரு படி வாங்குங்கள், காசு கொடுத்தே வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு படைப்பிரிவுக்கே துரு ஏற்றலாம்.