பழைய தொடர்களும் புதிய பதிப்பும்

ஏட்டிலே கிடந்த நூல்களை அச்சேற்றிய சான்றோரை ஈழத் தமிழுலகம் நன்கு அறியும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். திருகோணமலை தந்த த. கனகசுந்தரம்பிள்ளையும் சென்னையிலிருந்து பதிப்புப் பணி புரிந்தார். செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் மறைத்து நிரப்பாமை நல்ல பதிப்பாசிரியர்க்கு இலக்கணம். பழைய தொலைக்காட்சித் தொடர்களை வீட்டிலிருந்து காணும் இறுவட்டுக்களாக வெளியிடுவோர்க்கும் இவ்விலக்கணம் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இப்பணியில் முதலாவது இடர், மூலமே இல்லாதொழிதல். விலை மிகுந்த ஒளிநாடாக்களில் மீண்டும் பதிவு செய்யும் பொருட்டு, பி.பி.சி. நிறுவனம் 1960களிலும் 1970களிலும் பல நிகழ்ச்சிகளை அழித்தது. 1963இல் தொடங்கிய 'டொக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகள் அவ்வாறு மறைந்தன. ஆயினும், நேயர் சிலர் தம் வீட்டிற் பதிந்து வைத்த ஒலி எஞ்சியது. 1968இல் ஒளிபரப்பாகிய 'தி இன்வேஷன்' என்னும் எட்டுப் பகுதிக் கதையை 2006இல் இறுவட்டாக வெளியிட்டோர், மறைந்த இரு பகுதிகளுக்கும் எஞ்சிய ஒலியோடு இயங்கு சித்திரங்களை வரைந்து சேர்த்தனர். பழையது யாது, புதியது யாது என்பது காண்போர்க்கு வெளிப்படை. இது நேர்மையான பதிப்பு முறையாகும்.

இரண்டாவது இடர் உரிமை பற்றியது. 1978 முதல் 1982 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாகிய 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' ஒரு வானொலி நிலையத்தைக் களமாகக் கொண்டது. அதில் ஒலித்த பாடல்களுக்கு ஒளிபரப்பின்பொருட்டுப் பெற்ற உரிமை இறுவட்டுக்குச் செல்லவில்லை. ஆகவே, 2007இல் முதற் பருவம் வெளிவந்தபோது பல பாடல்கள் நீக்கப்பட்டு, வேறு இசை புகுத்தப்பட்டது. வானொலி நிலையத்தின் கதையிலே பாட்டு வெறும் அணியன்று, அதுவே பொருள். 2014இல் வந்த மற்றொரு பதிப்பு பெரும்பாலான பாடல்களை மீட்டுத் தந்தது. 1993இல் நிறைவெய்திய 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரும் பாடலுரிமைச் சிக்கலால் 21 ஆண்டுகள் காத்திருந்து, அதே 2014இலேதான் இறுவட்டாக முழுமை பெற்றது. குறைபட்டு விரைந்து வருவதினும் நிறைவுற்றுத் தாழ்த்து வருதல் நன்று எனக் கூறத் தோன்றும்.

எனினும், இம்முடிபு மூலநாடா பழுதின்றிக் காக்கப்படும் இடத்திற்கே ஏற்கும். ஈழத்தின் நிலை வேறு. இங்குத் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆந் திகதி தோன்றியது. அக்காலத் தமிழ் நாடகங்களும் கலை நிகழ்ச்சிகளும் ஒளிநாடாவிலேயே பதிவாயின. நாடாவின் காந்தப் பூச்சைப் பிணைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காலப்போக்கிற் சிதையும். பின்னர் நாடாவை ஓட்டுங்கால் பூச்சே உரிந்துவிடும். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீடுகளில் உப்பங்காற்றும் வாடைக்கால மழையீரமும் ஒருங்கே கூடுவன. பேழைக்குள் இருக்கும் நாடாவிலும் பூஞ்சணம் படரும். இவற்றோடு போர்க்கால இடப்பெயர்வும் 2004 திசெம்பர் 26இல் நிகழ்ந்த ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்து மக்களின் உடைமைகளைக் கொண்டு சென்றன. இத்தகைய இடத்திற் காத்திருத்தல் பொறுமையன்று, இழப்பேயாம்.

மேலும், தமிழ் நிகழ்ச்சிகளுக்கு உள்ள சந்தை சிறிது. ஊதியம் நோக்கும் வெளியீட்டாளர், நடிகர், எழுத்தாளர், இசையமைப்பாளர் அனைவரிடமும் உரிமை பெறும் செலவை எளிதில் ஏலார். ஆதலின் பேணுதலையும் வெளியிடுதலையும் வேறு பிரித்தல் வேண்டும். எஞ்சிய நாடாவை எண்ணியற் படியாக மாற்றி வைத்தல் இன்றே செய்தற்குரியது. உரிமைகளைத் தீர்த்து வெளியிடுதல் பின்னர் நிகழலாம். பிரித்தானிய நேயரின் ஒலிப்பதிவு மறைந்த பகுதிகளுக்குச் சான்றாகியவாறே, இந்நகரத்து வீடொன்றின் அலுமாரியிற் கிடக்கும் நாடாவும் ஒரு நாடகத்தின் ஒரே படியாதல் கூடும். வெளியிடுங் காலத்தில், சிதைந்த இடம் சிதைந்ததெனவும், மாற்றிய இசை மாற்றியதெனவும் உறையிலே குறித்தல் கடன். ஏடு காத்த மரபினர்க்கு இது புதிய பணியன்று.