பெர்விக் தேவாலயத்துச் சுவர்கள்

புளூம்ஸ்பரிக் குழுவினரை உழைப்பறியாத அழகியல்வாதிகள் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் நம் நண்பர்களிடையே உண்டு. அவர்கள் இங்கிலாந்தின் சசெக்ஸ் குன்றுகளின் அடியிலுள்ள பெர்விக் என்னும் சிற்றூரின் தேவாலயத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். பழைமை வாய்ந்த அவ்வாலயத்தின் உட்புறத்தை, 1941க்கும் 1943க்கும் இடையில், டங்கன் கிராண்ட், வனேசா பெல், அவர் மகன் குவென்ரின் பெல் ஆகியோர் ஓவியங்களால் நிறைத்தனர். இந்த வனேசா, யாழ்ப்பாணக் கச்சேரியில் ஒருகாலத்திற் பணியாற்றிய லெனாட் வூல்ஃபின் மனைவிக்குத் தமக்கை.

மதநம்பிக்கையற்ற இவர்களிடம் பணியை ஒப்படைத்தவர் சிச்செஸ்டர் அத்தியட்சர் ஜோர்ஜ் பெல்; ஜேர்மன் நகரங்கள்மீது குண்டு பொழிவதை 1944இல் பிரபுக்கள் சபையிலேயே கண்டித்தவர். (நம் அத்தியட்சர்களுள் இத்தகையோர் எத்தனை பேர்?) ஊரில் எதிர்ப்பும் எழாமலில்லை.

கிராண்ட் முதலாம் உலகப் போரிற் சேர மறுத்தவர். அதற்கு ஈடாகப் பண்ணைவேலை செய்யவே 1916இல் இப்பகுதிக்கு வந்தார். அவரே திருப்பீடத்தின் முன்னுள்ள வளைவின்மேல், கிறிஸ்துவின் ஒரு பக்கத்தில் போர்வீரன், மாலுமி, விமானப்படையாள் ஆகிய மூவரையும் மண்டியிடச் செய்தார். மறுபக்கத்தில் அத்தியட்சரும் குருவானவரும். போரை மறுத்தவர் போராடியவனை வெறுக்கவில்லை. வீரனுக்கு மாதிரியாக நின்ற உள்ளூர் இளைஞன் 1944இற் பிரான்சிற் போர்க்களத்தில் மடிந்தான்.

ஆயினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வனேசாவின் 'கிறிஸ்து பிறப்பு'. மாட்டுத்தொழுவம் சசெக்ஸ் களஞ்சியம். இடையர்கள் அப்பகுதி மனிதர்கள். அப்பாற் தெரிவதும் அப்பகுதிக் குன்றே. தாயையும் சேயையும் தீட்டிய இவர், மூத்த மகன் யூலியனை 1937இல் ஸ்பானியக் குடியரசுக்காக மருத்துவ வண்டி ஓட்டுகையிற் பறிகொடுத்தவர். அந்த அடக்கமான துயரம் படத்தில் இருக்கிறது. குறையும் இருக்கிறது. மரியாளின் ஆடையும் அமைதியும் இத்தாலிய ஓவியங்களிலிருந்து வந்தவை. இடையரோ வயலிலிருந்து நேரே வந்தவர். இரண்டும் முற்றாக இணையவில்லை. அன்றியும் இவ்வுழைப்பாளர் வணங்குவோராகவே இடம்பெறுகின்றனர். அவர்களின் வேலையைக் காண, கிராண்ட் தடுப்புப் பலகையில் தீட்டிய பருவகாலங்கள் நான்கினையும் நாடவேண்டும். அங்கேதான் கைகள் இயங்குகின்றன.

1944இற் குண்டதிர்ச்சியில் ஆலயத்தின் சாளரங்கள் சிதறின. பின்னர் நிறமற்ற கண்ணாடியே பொருத்தப்பட்டது. அதனாலேயே இன்று அம்முகங்களைப் பகலொளியில் தெளிவாகக் காணமுடிகிறது.