யார் வீட்டு அடுப்பு

புதுப்பெண் சமையல் பழகுகிறாள் என்று சென்னையில் சொன்னால், மாமியார் எப்படி என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் சொன்னால், தாய்க்காரி இத்தனை நாள் பழக்கவில்லையா என்று கேட்பார்கள். இலங்கைச் சமையலையும் இந்தியச் சமையலையும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தேங்காய்ப்பாலையும் சாம்பாரையும் எதிரெதிரே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கென்னவோ சாப்பாட்டில் உள்ள வித்தியாசத்தைவிட அதைப் பழகும் விதத்தில் உள்ள வித்தியாசம்தான் பெரிதாகப் படுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் யார் வீட்டு அடுப்பின் முன் நிற்கிறாள் என்பதிலிருந்து அது தொடங்குகிறது.

எங்கள் யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுக்கு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே வைத்தது. வீடும் வளவும் அந்தச் சீதனத்தில் போவதால், கல்யாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் மாப்பிள்ளைதான். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், அல்லது தாய் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பாள். அதே திருவலை, அதே சட்டி, அதே அம்மி. அந்த வீட்டுக்குப் புதியவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அவருக்கு நல்லதாக ஆக்கிப் போட வேண்டுமே என்ற பதற்றம் மாமியாரைத்தான் பிடிக்கும். நண்டுக் கறியை மாமியார் வைப்பார். மகள் பக்கத்தில் நின்று உள்ளி உரிப்பாள்.

அவள் கைக்கு முதலில் வரும் வேலை தேங்காய் திருவுவது. அடுத்தது பால் பிழிவது. திருவிய பூவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் தடித்த முதற்பால். அதே பூவில் திரும்பவும் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். சொதியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் அவிவது இரண்டாம் பாலில். முதற்பால் கடைசியில்தான் சேரும். சேர்ந்தபின் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி, சட்டியை இறக்கிய பிறகு. “முதற்பால் விட்டால் அங்கால இஞ்சால போகாதை பிள்ளை, கிண்டிக்கொண்டு நில்” என்று தாய் சொல்வதோடு பாடம் முடிந்துவிடும். எவ்வளவு நேரம், எவ்வளவு உப்பு என்பதெல்லாம் பேச்சில் வராது. தாய்தான் நாளைக்கும் பக்கத்தில் இருப்பாளே.

தமிழ்நாட்டுப் பெண்ணோ கல்யாணத்தோடு அடுப்பு மாறுகிறாள். பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள், குக்கர், கிரைண்டர், அஞ்சறைப் பெட்டி என்று சீர்வரிசை லாரியில் போகிறது. அம்மா வீட்டு ருசியும் அவளோடு போகிறது. ஆனால் போன இடத்தில் அது செல்லாது. பிறந்த வீட்டுச் சாம்பாரில் சின்ன வெங்காயம் மிதந்திருக்கும். புகுந்த வீட்டில் முருங்கைக்காய் மட்டும் போதும் என்பார்கள். ஒரு வீட்டில் கடைசியில் துளி வெல்லம். இன்னொரு வீட்டில் வெல்லம் என்றாலே முகம் சுளிக்கும். ஒரே மாவட்டம், ஒரே சாதி, ஜாதகம்கூடப் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றாலும் ரசம் பொருந்தாது. “எங்க வீட்ல இப்படித்தாம்மா வைப்போம்” என்று மாமியார் சொல்வதில் அதட்டல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ‘எங்க வீடு’ என்பதில் தான் இன்னும் சேரவில்லை என்பது மருமகளுக்குப் புரிந்துவிடும். அவள் பழகுவதில் பாதி, ஏற்கெனவே தெரிந்ததை மறப்பது.

பண்டங்களும் இதற்குத் துணைபோகின்றன. துவரம்பருப்பு லேசில் வேகாது. ஆகவே குக்கர், ஆகவே விசில் கணக்கு. எத்தனை விசிலுக்கு அடுப்பை அணைப்பது என்பது வாயால் சொல்லக்கூடிய, தவறினால் சுட்டிக்காட்டக்கூடிய அளவு. எங்கள் பக்கத்து மைசூர்ப் பருப்பு திறந்த சட்டியிலேயே அரைமணிக்குள் மசிந்துவிடும், கேட்க விசில் கிடையாது. ஆனால் ரசம் என்று வந்தால் சென்னை மாமியாரும் கண்ணைத்தான் நம்புகிறார். “நுரை கட்டி வர்றப்பவே எறக்கிடும்மா, கொதிச்சா ருசி போயிடும்.” சொதிக்கும் ரசத்துக்கும் ஒரே வித்தைதான், சட்டியை நேரத்துக்கு இறக்கத் தெரிவது. எங்கள் பெண்ணின் சொதி திரைந்தால் தாயே அதைச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவாள். அங்கே ரசம் கொதித்துப்போனால் அன்றிரவு உறவினர் வீட்டுத் தொலைபேசி வரைக்கும் அது போகும்.

2021இல் மலையாளத்தில் வந்து, 2023இல் தமிழிலும் எடுக்கப்பட்ட ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தில், குக்கர் சோறு வேண்டாம், விறகடுப்பில் வடித்துத் தா என்று புது மருமகளிடம் மாமனார் பக்குவமாகக் கேட்பார். யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டில் அந்தக் காட்சியை எடுக்க முடியாது. மாமனார் அங்கே குடியிருக்கமாட்டார். அதற்காக எங்கள் ஆண்கள் சொதி கிண்டிக்கொண்டு நின்றார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுப்படிக்குள் காலெடுத்து வைக்காத திறமையில் இரு கரைக்காரர்களும் சமம்.

புகுந்த வீட்டு அடுப்பு கடுமையானது. ஆனால் தமிழுக்கு ஒரு நல்ல புத்தகம் கிடைத்ததில் அதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. செய்முறை கேட்டு உறவினர்கள் ஓயாமல் அணுகியதால், மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர் தூண்ட, அவர் எழுத உட்கார்ந்தார். அடுப்பே பற்றவைத்துப் பழகாத ஒருத்திக்கும் புரிகிற மாதிரி அளவும் வரிசையும் வைத்து எழுதினார். மணப்பெண்ணின் பெட்டியில் பட்டுப் புடவைக்குக் கீழே அது தலைமுறை தலைமுறையாகப் போயிற்று. அம்மா கூட வரமுடியாத வீட்டுக்குப் போகிறவளுக்குத்தான் புத்தகம் தேவைப்படும். இலங்கையில் ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்’ 1929இலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஆங்கிலம் படித்த கொழும்பு வீடுகளுக்கு. எங்கள் ஊர்ப் பெண்ணுக்குச் சீதனத்தில் நகை, காணி, கிணற்றுப் பங்குகூட எழுதிக் கொடுப்பார்கள்; சமையல் புத்தகம் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் புத்தகம் ஒரு போத்தலுக்குள் இருந்தது. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, மஞ்சள் சேர்த்து இடித்த கறித்தூள். மீனுக்கும் அதுதான், கத்தரிக்காய்க்கும் அதுதான். தமிழ்நாட்டில் சாம்பாருக்கு ஒரு பொடி, ரசத்துக்கு ஒரு பொடி, புளிக்குழம்புக்கு வேறொன்று. தாளிப்பிலும் கடுகா சோம்பா, முதலில் எது என்ற வரிசை உண்டு. புதுப்பெண் இதையெல்லாம் பிரித்து அறிய வேண்டும். எங்கள் பெண் ஒரு கரண்டி தூளை அள்ளிப் போட்டால் தாயின் கைப்பக்குவம் பாதி அதிலேயே வந்து இறங்கிவிடும். மல்லி எந்த நிறத்துக்கு வறுபட வேண்டும், வெந்தயம் எந்த இடத்தில் கசப்பாக மாறும் என்பதை அவள் பிள்ளைகள் பெற்ற பிறகும் அறியாமலே இருக்கலாம். தாயோடு இருப்பதன் சொகுசு இது. அந்தச் சொகுசுக்குப் பின்னால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஆடி மாதத்தைப் பார்த்தாலும் இது தெரியும். தமிழ்நாட்டில் ஆடிச்சீர் கொண்டுபோய்ப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். காரணம் என்று சொல்வது வேறு. நடைமுறையில், சில மாதம் மாமியாரிடம் பட்ட பாட்டைக் கொட்டித் தீர்க்கவும், வத்தக்குழம்பில் எங்கே சறுக்கினோம் என்று அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளவும் அது வசதி. எங்கள் ஊரில் அழைத்து வருவதற்கு அவள் எங்கும் போயிருக்கவில்லை. ஆடிப்பிறப்பன்று வறுத்த பயறும், பனங்கட்டியும், அரிசிமாவும், தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தாயும் மகளும் கூழ் காய்ச்சுவார்கள், கொழுக்கட்டை பிடிப்பார்கள்.

இலங்கை என்றால் யாழ்ப்பாணம் மட்டும் என்று எழுதுவது எங்களுக்கு இருக்கும் பழைய வியாதி. மலையகத்தில் பெண் மாமியாரின் லயத்துக்குத்தான் போகிறாள். காலையிலேயே கொழுந்தெடுக்க மலைக்கு ஏற வேண்டியவளுக்கு நின்று பழக நேரம் ஏது? கோதுமை மா ரொட்டி தட்டவும் சம்பல் இடிக்கவும் கை தானாகப் பழகிவிடும். தமிழ்நாட்டுக் கரையிலும் எல்லோரும் ஒன்றல்ல. காயல்பட்டினத்து முஸ்லிம் வீடுகளில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கடல் தாண்டிக் காத்தான்குடியிலும் அப்படியே. மாமியாரின் அடுப்பு எப்படி இருக்கும் என்று அறியாத வயதான பெண்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள்.

அந்தச் சொகுசின் விலைக்கு வருகிறேன். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு பெண்கள் மாப்பிள்ளையைத் தேடிப் பறக்கத் தொடங்கினார்கள். சீதனமாக எழுதிய வீடு ஊரில் பூட்டிக் கிடக்க, பெண் சூரிச்சில் ஐந்தாம் மாடியில் மின்னடுப்பின் முன் நின்றாள். கறித்தூள் பெட்டியில் வந்தது. அது தீர்ந்த அன்றைக்குத்தான் தனக்கு என்ன தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. வெளிநாட்டு வேலைக்குக் கணவனோடு போன தமிழ்நாட்டுப் பெண்ணிடம் புத்தகம் இருந்தது. மாமியாரிடம் பட்ட பயிற்சியும், வேண்டாமென்றாலும், கைவசம் இருந்தது. அந்தப் பயிற்சியை நான் புகழமாட்டேன். அழுகையோடு பழகிய ரசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் பழகிய விதம் நல்லதாகிவிடாது. ஆனால் யாரும் விளக்கிச் சொல்லாத அறிவு, இடம் பெயரும்போது முதலில் தொலைகிறது என்பதையும் பார்த்துவிட்டோம்.

இப்போது பெங்களூரில் இருவரும் வேலைக்குப் போகும் புதுக்குடித்தனத்துக்கு மாமியாரின் குரல் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதை நிறுத்தவும் முடிகிறது. யாழ்ப்பாணத்திலோ 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, காஸ் அடுப்பு மட்டுமே அறிந்திருந்த இளம் மனைவிமார் விறகடுப்பு மூட்டத் தாயிடம்தான் திரும்பப் போனார்கள்.

சுவிற்சர்லாந்திலும் பாரிசிலும் இன்னொன்று நடந்தது. அகதியாகப் போன எங்கள் ஆண்களில் பலர் உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கி, மெல்ல மெல்லச் சமையற்காரராக உயர்ந்தவர்கள். பத்துப் பெடியள் ஓரறையில் இருந்த காலத்தில் முறை வைத்துக் கறி காய்ச்சியவர்கள். ஊரிலிருந்து வந்து இறங்கிய மனைவிக்குக் கத்தி பிடிக்கவும், வெங்காயம் அரியவும், இறைச்சிப் பிரட்டல் வைக்கவும் பழக்கியவர் கணவர். பிள்ளைப்பேறு பார்க்க விசா எடுத்து வந்த மாமியாருக்கு மருமகன் ஆக்கிப் போட்டார். மாமியார் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் மகளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பது, தூள் எங்கே வறுப்பிக்கிறீர்கள் என்று.