வேட்டை ஓய்ந்தபின் எழுதப்பட்ட நூல்கள்

பழைய அரபுக் கவிதைகளில் வரும் வேட்டைக் காட்சிகளைப் பற்றி, பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் நுட்பமான ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கவிதை இரங்கற்பாவாகவோ அறிவுரையாகவோ இருந்தால், வேட்டை நாய்கள் பாலைவனத்து நீள்கொம்பு மானைக் கொன்றுவிடும். புகழ்ப்பாவாக இருந்தால், அந்த மான் நாய்களைக் குத்திச் சாய்த்துவிட்டுத் தப்பிவிடும். விலங்கின் முடிவைத் தீர்மானிப்பது பாலைவனமன்று, பாட்டின் நோக்கமே என்பது இதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட இக்கருத்து, வேட்டையைப் பற்றி மனிதன் எழுதிய எல்லா நூல்களுக்கும் உரைகல்லாகத் தக்கது.

அப்பாஸியர் காலத்தில் வேட்டைக்கென்றே ‘தர்திய்யாத்’ எனும் தனிக் கவிதை வகை செழித்தது. அபூ நுவாஸ் இதில் பெயர் பெற்றவர். விடியுமுன் புறப்படுவதில் பாட்டு தொடங்கும். நாயின் விலாவும் பருந்தின் கண்ணும் புகழப்படும். கையில் கிடைத்த இரையோடு முடியும். களைப்புக்கு அதில் இடமில்லை. பல்லாண்டுகள் வேட்டையாடியவன், ஒரு காலை விழித்தபோது உள்ளத்தில் அந்த ஆவல் இல்லாததை உணர்ந்தால், அவனுக்கு அவ்வகையில் பாட்டே கிடையாது. அவனைத் தேட வேண்டிய இடம் தன்வரலாறுகள். அத்தகைய நான்கு எழுத்தாளர்களை இங்கே வரிசைப்படுத்திப் பார்க்கலாம். வேட்டை ஓயும்போது உண்மையில் ஓய்வது எது என்பதே நம் கேள்வி.

முதலாமவர் உஸாமா இப்னு முன்கித் (1095-1188). சிரியாவில் ஷைஸர் கோட்டையை ஆண்ட குடும்பத்தில் பிறந்தவர்; சிலுவைப் போர்க்காலத்தின் சாட்சி. முதுமையில் அவர் உருவாக்கிய ‘கிதாபுல் இஃதிபார்’ நூலின் இறுதிப் பகுதி முழுவதும் வேட்டை நினைவுகள். தந்தை முர்ஷித் திருக்குர்ஆனைப் பலமுறை தம் கையால் பிரதி செய்தவர்; வேட்டையில் தீராத நாட்டம் உடையவர். தந்தையின் பருந்துகள், வேங்கைக்கு நிகரான நாய்கள், அவற்றைப் பழக்கியவர்கள் எனப் பக்கங்கள் நீள்கின்றன. இதைக் களிப்பின் பதிவாக மட்டும் வாசிப்பவர் ஒன்றைத் தவற விடுகிறார். 1157ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் ஷைஸர் இடிந்து, உஸாமாவின் உறவினர்கள் அதில் மடிந்தனர். அவர் நினைவுகூரும் வேட்டைக்களமும் உடன் சென்றோரும் எழுதும்போது இல்லை. ஜாஹிழின் விதிப்படி இது இரங்கற்பா. ஆகவேதான் அதில் இத்தனை விலங்குகள் சாகின்றன. நூலை முடிக்கும்போது, எஞ்சிய சிறு வாழ்நாளை இறைவணக்கம் அல்லாத ஒன்றில் கழிப்பதற்காக அவர் பிழைபொறுக்க வேண்டுகிறார். அவரிடம் வேட்டை ஓய்ந்தது உடல் தளர்ந்ததால். உள்ளம் இறுதிவரை அந்தப் புல்வெளிகளில்தான் இருந்தது.

இரண்டாமவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். தம் நினைவுக் குறிப்புகளில் அவர் கணக்கு வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் வயது முதல் ஆட்சியின் பதினொன்றாம் ஆண்டு முடிய அவர் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 உயிர்கள். அவற்றுள் அவரே கொன்றவை 17,167. எழுத்தர்களை அமர்த்தித் தொகுக்கப்பட்ட இந்தப் பட்டியலில் பெருமிதம் தவிர வேறு தொனி இல்லை. ஆனால் இதே மனிதர், ஐம்பது வயதைத் தொட்டதும் துப்பாக்கியால் சுடுவதை விட்டுவிட எண்ணியிருந்ததாகவும் எழுதுகிறார். பேரன் ஷுஜா கடும் நோயுற்றபோது அந்த எண்ணம் நேர்ச்சையாயிற்று: தம் கையால் எவ்வுயிரையும் துன்புறுத்துவதில்லை என்று உறுதி பூண்டார், குழந்தையும் பிழைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகிய நீதிக்கதையாகியிருக்கும். ஆனால் சில ஆண்டுகளில் அந்த ஷுஜாவின் தந்தை குர்ரம், பின்னாளின் ஷாஜஹான், கலகம் செய்தார். மனம் கசந்த ஜஹாங்கீர் மீண்டும் துப்பாக்கியை எடுத்தார். மகன் பெற்ற பிள்ளையின் மீதான அன்பால் வைத்த கருவியை, அந்த மகன் மீதான சினத்தால் எடுத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. வைத்ததற்கும் எடுத்ததற்கும் இடையே விலங்குகள் எங்குமே இல்லை. நேர்ச்சை அவருக்கும் இறைவனுக்கும் இடையே; கோபம் அவருக்கும் மகனுக்கும் இடையே. ஆவல் உள்ளே அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு மூடி மட்டும் போடப்பட்டிருந்தது.

எனினும் அதே நூலில் வேறொரு ஜஹாங்கீரும் உண்டு. லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டுத் தாம் வளர்த்த சாரஸ் கொக்கு இணை கூடியதையும் மாறிமாறி அடைகாத்ததையும் பொறுமையாக அவதானித்து எழுதியவர் அவர். கொன்றவற்றுக்கு எண் கொடுத்த எழுதுகோல், வளர்த்தவற்றுக்குப் பெயர் கொடுத்தது. இந்த வேறுபாடு நம் கேள்விக்கு முக்கியமானது. அதற்குமுன் மார்க்கத்தின் நிலையைச் சுருக்கமாக நோக்குவது தகும்.

திருக்குர்ஆன் வேட்டையை ஆகுமாக்கியிருக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதையும் அல்மாயிதா அத்தியாயம் அனுமதிக்கிறது. அதே அத்தியாயம் இஹ்ராம் நிலையில் தரை வேட்டையைத் தடுத்து, வேண்டுமென்றே மீறுபவருக்குப் பரிகாரமும் விதிக்கிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் இரையை வரவிட்டு இறைவன் சோதிப்பான் என 94ஆம் வசனம் சொல்வதையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். சோதனை காட்டில் அலைவதில் இல்லை. எட்டுவதை எடுக்காமல் விடுவதில் இருக்கிறது. வேட்டையின் பின்னாலேயே செல்பவர் கவனமற்றவராகிவிடுவார் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் அறிவிப்பு உள்ளது. உயிருள்ளதை அம்பெய்யும் இலக்காக ஆக்குவதை முஸ்லிமில் வரும் ஹதீஸ் தடை செய்கிறது. இவற்றிலிருந்தே ஃபிக்ஹு அறிஞர்கள், தேவைக்கான வேட்டையையும் வெறும் கேளிக்கைக்கான வேட்டையையும் பிரித்து, பின்னதை வெறுக்கத்தக்கதென்றனர். எத்தனை கொன்றாய் என்பதன்று, எதற்காகக் கொன்றாய் என்பதே அவர்களின் கேள்வி.

மூன்றாமவரான சாலிம் அலியிடம் (1896-1987) இந்தக் கேள்வி சிறுவயதிலேயே வந்து நின்றது. 1985இல் வெளியான ‘ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ எனும் தன்வரலாற்றில் அதை விவரிக்கிறார். காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. வழக்கமான குருவியாக இல்லாததால், முஸ்லிம் இதை உண்ணலாமா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜியிடம் காட்ட, அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் மில்லார்டிடம் அனுப்பினார். 1908இல் நடந்த அந்தச் சந்திப்பில் இந்தியப் பறவையியல் தன் பெரும் அறிஞரைப் பெற்றது. ஹலாலா என்ற கேள்வி, இது என்ன பறவை என்ற கேள்விக்கு இட்டுச் சென்றது. வேட்டைக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு கவனத்தைக் கற்பிப்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

சாலிம் அலி துப்பாக்கியைத் துறந்த துறவியல்லர். அந்நூலில் வேட்டை அனுபவங்களைச் சுவைத்தே எழுதுகிறார். ஆய்வு மாதிரிகளுக்காகப் பறவைகளைச் சுட்டதையும் மறைக்கவில்லை. அவரிடம் ஜஹாங்கீரைப் போன்ற சபதம் இல்லை. சபதம் இல்லாததால் அதன் முறிவும் இல்லை. தூக்கணாங்குருவியின் இல்லறத்தை நாள்தோறும் உற்றுநோக்கத் தொடங்கியவருக்கு, சுடுவது சிறிய காரியமாகப் போய்விட்டது. முகலாயப் பேரரசர்களை இயற்கையாளர்களாகவும் வேட்டையாளர்களாகவும் ஆராய்ந்து 1927-28இல் கட்டுரைத் தொடர் எழுதியவரும் இவரே. ஜஹாங்கீருக்குள் இருந்த இருவரில் ஒருவரை அவர் தெரிந்தெடுத்துக்கொண்டார் எனலாம்.

நான்காமவர் நம் பகுதிக்கு நெருங்கியவர். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) எழுதிய களங்கள் ஜவளகிரி, கெம்பகரை, முண்டச்சிப்பள்ளம், ஏலகிரி போன்றவை. கல்வராயன் மலையும் இவற்றோடு ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலைக்கூட்டத்தைச் சேர்ந்தது. மனிதரைக் கொன்ற புலிகளையும் சிறுத்தைகளையும் வீழ்த்திய அவர், பிற்காலத்தில் கேமராவோடு காட்டைச் சுற்றினார். அவரது கதைகளுள் தர்கா ஒன்றின் காவலர் அலம் பக்ஷின் கதை நம் வாசகருக்கு நெருக்கமானது. மகனைக் கரடி கொன்றுவிட, அந்த முதியவருக்காகக் காட்டுக்குள் இறங்குகிறார் ஆண்டர்சன். அது கேளிக்கையன்று, தீங்கு நீக்கல்.

ஆண்டர்சனின் எழுத்தில் குறை ஒன்றும் உண்டு. அவருக்குக் காட்டின் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தவர்களுள் ஒருவர் பைரா எனும் பூசாரிப் பழங்குடியினர். நாட்டுத் துப்பாக்கியோடு திருட்டுத்தனமாக வேட்டையாடுபவராகவே அவர் அறிமுகமாகிறார். ஆசிரியர் அவரை உண்மையாகவே நேசிக்கிறார். ஆயினும் உரிமம் பெற்றவரின் வேட்டை வீரமாகவும், உரிமம் இல்லாதவரின் வேட்டை குற்றமாகவும் இருப்பதை அவர் ஆழ்ந்து கேள்வி கேட்பதில்லை. வேட்டையில் சலிப்பு வரும் வாய்ப்பும் ஒருவருக்கே வாய்த்தது. மற்றவருக்கு வேட்டை ஓய்ந்தால் அடுப்பும் ஓயும்.

இதைச் சொல்லும்போது, 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேற்கே எழும் கல்வராயனை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி, 1976இல் ஜாகிர் முறை ஒழியும்வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். பொங்கலை ஒட்டி ஊரே திரண்டு செல்லும் பாரி வேட்டை தமிழகத்தின் மலையூர்களிலும் சமவெளி ஊர்களிலும் நெடுங்கால வழக்கம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமத்தோடு வேட்டையாட இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த வாயிலை அடைத்தது. சட்டம் தேவையானது, அது இல்லையேல் காடு வெறுமையாகியிருக்கும். ஆனால் பேரரசரும் கனவானும் தாமே துப்பாக்கியை வைத்தனர்; அதற்குப் புகழும் பெற்றனர். மலைவாசியிடமிருந்து அது பறிமுதல் செய்யப்பட்டது. அவன் பெயர் வழக்கு ஏட்டில் இடம்பெற்றது. வேட்டை ஓய்ந்த கதை அவனிடமும் இருக்கும். அதை எழுதிவைத்தவர் இல்லை.

எழுதியவர் எவருமே இல்லையா? நம் தமிழில் ஒருவர் இருக்கிறார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், நுபுவ்வத்துக் காண்டத்தில், ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ வருகிறது. வேடனிடம் சிக்கிய பெண்மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர அனுமதி வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி ஈமான் கொள்கிறான். மான் விடுதலை பெறுகிறது. இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என ஹதீஸ் கலை அறிஞர்கள் கருதினர். நாம் இங்கே அதை இலக்கியமாகவே வாசிக்கிறோம். அந்த வாசிப்பில் கவனிக்கத்தக்கவை மூன்று.

முதலாவது, இவன் கேளிக்கைக்கு வந்த கனவானல்லன். வேட்டையே தொழிலான வேடன். உமறு அவனை இழிவுபடுத்தவில்லை. மான் திரும்பி வருமா என்ற அவன் ஐயம் நியாயமானதாகவே கேட்கப்படுகிறது. இரண்டாவது, அவனை மாற்றுவது அச்சமன்று, உடல் தளர்ச்சியன்று, சபதமுமன்று. இறைச்சியாக மட்டும் தெரிந்த ஒன்று, கன்றுக்குத் தாயாகவும் வாக்குக் காக்கும் உயிராகவும் அவன் கண்முன் வந்து நிற்கிறது. ஜஹாங்கீரின் கொக்குகளிலும் சாலிம் அலியின் குருவிகளிலும் நாம் கண்ட மாற்றமே இது. வேட்டை ஓய்கையில் ஓய்வது கையன்று. உயிரை எண்ணிக்கையாகப் பார்த்த பார்வை. பார்வை மாறாத இடத்தில் கருவி மீண்டும் கைக்கு வரும் என்பதற்கு ஜஹாங்கீரே சாட்சி.

மூன்றாவதுதான் இன்று நம்மைத் தொட வேண்டியது. உமறின் வேடனிடம் எவரும் மானைப் பறிக்கவில்லை. அது திரும்பாவிட்டால் அவனுக்கு நேரும் இழப்புக்கு ஒருவர் பொறுப்பேற்றார்கள். பிணை நின்றது மானுக்கு என்று படலத்தின் பெயர் சொல்கிறது. பிணையால் காக்கப்பட்டது வேடனின் உரிமையும்தான். காட்டைக் காக்கும் சட்டத்தோடு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைவாசிக்கு நிலப் பட்டாவையும் சிறுவனப் பொருள் மீதான உரிமையையும் உறுதியளிக்கிறது. அது காகிதத்திலிருந்து இறங்கி ஒவ்வொரு மலையூருக்கும் போய்ச் சேரும்போதே, நாம் அவனிடம் வேட்டையை விடு என்று சொல்லும் தகுதி பெறுகிறோம். மீலாது மேடைகளில் மானின் கதையை உருக்கமாகச் சொல்லும் நாம், வேடனின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும்.